பிடுங்கிப் பார்த்தவள்

ஜன்னல் பக்கம் நீங்களே உட்காருங்கம்மா. எனக்கு வேண்டாம். காற்றும் வேண்டாம், வெளியே வேடிக்கை பார்க்கவும் வேண்டாம். நான் இப்படி ஓரமாகவே இருந்துகொள்கிறேன். இந்தச் சாக்குப்பையை மட்டும் உங்கள் காலடியில் வைக்கட்டுமா? ஈரமாக இருக்கும், சேலையைக் கொஞ்சம் தூக்கிக்கொள்ளுங்கள். அழுக்கில்லை, மண்தான். மல்லாட்டைச் செடி, வேரோடு காயோடு. நீங்கள் வேர்க்கடலை என்பீர்கள்.

கண்டக்டர் சொன்னதற்கா முகத்தைச் சுளித்தீர்கள்? படியில் நின்ற ஆளைப் பார்த்து, "உள்ள எடம் காலியா கெடக்குது, அங்க நின்னு என்னத்தப் புடுங்கற?" என்றாரே, அதற்குத்தானே? டவுனில் அது கெட்ட வார்த்தை. தெரியும். என் மகள் சங்கவியும் ஒன்பதாவது படிக்கும்போது ஒரு நாள் பையை வீசிவிட்டு வந்து அழுதாள். "யம்மா, இனிமே வாசல்ல நின்னு யாராவது கூப்ட்டா அந்த வார்த்தைய சொல்ல வேணாம்னு சொல்லு. என்கூடப் படிக்கிறதுங்க சிரிக்குதுங்க."

நான் என்ன செய்யட்டும்? எங்கள் ஊரில் அது வேலைக்குப் பெயர். மார்கழியில் விதை போட்டால் பங்குனி கடைசியில் இருந்து வாசலில் வந்து நிற்பார்கள். "பச்சையம்மா, நாளைக்குப் புடுங்க வரியா?" "ரைஸ்மில்காரர் கொல்லையில பாதி புடுங்கியாச்சி, அதை முடிச்சிட்டு ஒங்குளுது." கொல்லை என்றால் எங்கள் பக்கம் பயிர் வைக்கிற நிலம். இதில் சிரிக்க என்ன இருக்கிறது, சொல்லுங்கள். கிழங்கை வெட்டுகிறார்கள், நெல்லை அறுக்கிறார்கள், மல்லாட்டையைப் பிடுங்குகிறார்கள். வேறு எப்படிச் சொல்வது?

ஆனால் நான் உட்கார்ந்து யோசித்துப் பார்த்திருக்கிறேன்மா. என் காலம் முழுக்க அந்த ஒரு வார்த்தைக்குள்ளேயே ஓடிவிட்டது. அஞ்சாவது படித்துக்கொண்டிருந்தேன். பிடுங்குகிற காலம், ஆள் கிடைக்கவில்லை. எங்கப்பா பள்ளிக்கூடத்துக்குள்ளேயே வந்து டீச்சர் எதிரில் என் கையில் இருந்த சிலேட்டைப் பிடுங்கினார். அன்றைக்குக் கொல்லையில் உட்கார்ந்தவள்தான். கட்டிக்கொண்டு போன இடத்தில் மாமியார் பிடுங்கல். முப்பது வயதுக்குள் மூன்று பல்லைப் பிடுங்கிப் போட்டார்கள். ராவானால் கொசு பிடுங்கும், ஒன்று சாப்பிட்டால் வயிறு பிடுங்கும். என் வீட்டுக்காரர் ஏழுமலை இருக்கிறாரே, அவர் என்னைச் சொல்வார்: "மத்தவங்க வாயப் புடுங்கறதுக்குன்னே பொறந்தவடி நீ." நான் யார் வாயைப் பிடுங்கினேன்? ஒன்று கேட்டால் ஒழுங்காகப் பதில் சொல்ல வேண்டும் இல்லையா? சொல்லாவிட்டால் திரும்பவும் கேட்கத்தானே வேண்டும்?

நீங்கள் டீச்சரா? நினைத்தேன். பையைப் பார்த்தாலே தெரிகிறது. தெள்ளாறு வரைக்குமா? இல்லை, அதையும் தாண்டியா? அப்படியா. நல்லது. மேல்பாக்கம் கூட்டுரோடு தாண்டித்தானே போவீர்கள்? நல்லது, நல்லது.

மல்லாட்டை பிடுங்குவது லேசு என்று நினைக்காதீர்கள். மண்ணில் பதம் இருக்க வேண்டும். மழை பெய்யாவிட்டால் முதல் நாள் தண்ணீர் கட்டி, மறுநாள் கால் வைத்தால் சேறு ஒட்டக் கூடாது, குதிகால் மட்டும் லேசாக அமுங்க வேண்டும். அப்போது செடியின் அடியைப் பிடித்து ஒரு தூக்குத் தூக்கினால் அத்தனை காயும் கொத்தாகக் கூடவே வரும். காய்ந்த மண்ணில் பிடுங்கினீர்கள் என்றால் செடி மட்டும்தான் கைக்கு வரும். காய் பாதி மண்ணிலேயே நின்றுவிடும். அப்புறம் களைக்கொத்தை எடுத்துக்கொண்டு நாள் முழுக்க நோண்ட வேண்டும். நோண்டினாலும் எல்லாம் கிடைக்காது.

இன்னொன்று. காய் முற்றிவிட்டதா இல்லையா என்று மேலே பார்த்தால் தெரியாது. ஒரு செடியைப் பிடுங்கி, காயை உடைத்து, ஓட்டின் உள்பக்கத்தைப் பார்க்க வேண்டும். கறுத்திருந்தால் முற்றியது. வெள்ளையாக இருந்தால் இன்னும் நாள் கிடக்கிறது. மற்றவர்கள் கொல்லையில் மூலைக்கு ஒன்றாக நாலு செடி பிடுங்கிப் பார்த்துவிட்டுப் போய் வேறு வேலை பார்ப்பார்கள். எனக்கு அப்படி இருக்க முடியாது. நான் தினம் பிடுங்குவேன். நேற்று வெள்ளையாக இருந்ததே, இன்றைக்குக் கறுத்திருக்குமோ. புழு வைத்திருக்குமோ. அந்தக் கோடியில் எலி வந்திருக்குமோ. ஏழுமலை தலையில் அடித்துக்கொள்வார். "நீ பாத்து முடிக்கறதுக்குள்ள கொல்லையே தீந்துடும்டி."

ஒரு வருஷம், பிடுங்கின செடியைத் திரும்ப நட்டே பார்த்தேன். சிரிக்காதீர்கள். தண்ணீரும் ஊற்றினேன். சாயங்காலம் போய்ப் பார்த்தால் தலை தொங்கிவிட்டது.

ஏன் நான் இப்படி என்று கேட்பீர்கள். கேட்கவில்லையா? சரி, நானே சொல்கிறேன். எனக்கு ஒரு அக்கா இருந்தாள், கன்னியம்மா. கட்டிக்கொடுத்த இடத்தில் அடி. கையில் வரி வரியாகக் கன்றிப்போய் வந்து நின்றாள். எங்கப்பா, "போகப் போகச் சரியாப்பூடும், போம்மா" என்று அவரே பஸ் ஏற்றிவிட்டு வந்தார். நான்தான் அவள் பையைத் தூக்கிக்கொண்டு கூடவே ரோடு வரைக்கும் போனேன். எனக்குப் பதிமூன்று வயது. மூன்றாம் மாசம் அவளைப் பாயில் சுற்றிக் கொண்டுவந்தார்கள். அன்றைக்கு நாங்கள் அவளை அங்கிருந்து பிடுங்கிக்கொண்டு வந்திருக்க வேண்டாமா? ஒரு ஆள் போயிருக்க வேண்டாமா?

அதை மனசில் வைத்துக்கொண்டு மீதியைக் கேளுங்கள். அதற்கப்புறம் யார்மேல் தப்பு என்று நீங்களே சொல்லுங்கள்.

சங்கவி எனக்கு ஒரே மகள். அவளைக் கொடுத்த இடத்தில் மாப்பிள்ளை பெயர் குணசீலன். ஜேசிபி ஓட்டுகிறவர். ரோட்டு ஓரத்து மரம், பழைய கிணற்று மேடு, இடிந்த சுவர், எதைக் காட்டினாலும் வேரோடு எடுத்து லாரியில் போட்டுவிடுவார். பெண் பார்க்க வந்தபோதே எனக்கு உறுத்தல்தான். அத்தனை பெரிய இரும்பை ஆட்டுகிற கை, ஒரு பெண்ணை எப்படிப் பிடிக்கும்? ஏழுமலைதான், "தங்கமான புள்ளடி, கண்ண நிமித்திப் பேசறதில்ல" என்றார். கண்ணை நிமிர்த்திப் பேசாதவனை எப்படி நம்புவது என்று கேட்டேன்.

சீர் வரிசையில் குறை வைக்கவில்லை. பித்தளை அண்டா, குடம், குத்துவிளக்கு, குண்டான், தட்டு, டம்ளர், எல்லாவற்றிலும் 'ஏ.சங்கவி' என்று பெயர் வெட்டிக் கொடுத்தேன். கரண்டியில்கூட வெட்டச் சொன்னேன். கடைக்காரர், "கரண்டியில எங்கம்மா எடம்?" என்றார். காம்பில் வெட்டுங்கள் என்றேன். என் பெண் பொருள் என் பெண் பெயரில் இருக்க வேண்டும்.

கல்யாணம் ஆகி முதல் மாசம் வாரத்துக்கு ஒரு தரம் போனேன். தப்பா? ஒன்றரை மணி நேரம் பஸ். போனதும் அரிசிப் பானையைத் திறந்து பார்ப்பேன், அவள் நகத்தைப் பார்ப்பேன், கண்ணை விரித்து ரத்தம் இருக்கிறதா என்று பார்ப்பேன். சம்பந்தியம்மா ஒரு நாள் சிரித்துக்கொண்டே, "சம்பந்தி, நாக்க நீட்டச் சொல்லிப் பாக்கலையே" என்றாள். அது எனக்குப் பிடிக்கவில்லை. ஊருக்குத் திரும்பினாலும் போன் போடுவேன். சாப்பிட்டியா, என்ன குழம்பு, ஏன் குரல் ஒரு மாதிரி இருக்கிறது. "யம்மா, தூங்கி எழுந்தா கொரலு அப்படித்தாம்மா இருக்கும்" என்பாள். பகலில் ஏன் தூங்கினாள்? உடம்புக்கு என்ன? எனக்கு அன்றைக்கு முழுக்கச் சோறு இறங்காது.

ஆடி வந்தது. புதுசாகக் கட்டிக்கொடுத்த பெண்ணை ஆடிக்கு அழைத்து வருவது வழக்கம்தானே. அழைத்து வந்தேன். இரண்டாம் நாள் எண்ணெய் தேய்த்துவிட உட்கார வைத்தேன். ரவிக்கைக் கையை மேலே ஏற்றினால், அங்கே, இதோ இந்த இடத்தில், புஜத்துக்குக் கொஞ்சம் கீழே, நாலு விரல் பதிந்திருக்கிறது. நீலமாக. மறுபக்கம் கட்டை விரல்.

"இன்னாடி இது?"

"கதவுல இடிச்சிக்கினேம்மா."

கதவுக்கு விரல் இருக்கிறதா அம்மா? நீங்களே சொல்லுங்கள். எங்கக்காவும் முதல்தரம் கதவு என்றுதான் சொன்னாள். அதே வார்த்தை. நான் மேலே ஒன்றும் கேட்கவில்லை. அன்றைக்கு நான் யார் வாயையும் பிடுங்கவில்லை. எண்ணெயைத் தேய்த்து முடித்தேன், தலைக்கு ஊற்றினேன், சோறு போட்டேன்.

மறுநாள் காலையில் அவள் கோயிலுக்குக் கூழ் ஊற்றப் போயிருந்த நேரம், குட்டியானை வண்டி ஒன்று பிடித்துக்கொண்டு அவள் மாமியார் வீட்டுக்குப் போனேன். ஏழுமலை பின்னால் உட்கார்ந்து வழி முழுக்க, "ஒரு வார்த்த கேட்டுட்டு செய்டி, ஒரு வார்த்த கேட்டுட்டு செய்டி" என்று சொல்லிக்கொண்டே வந்தார். மாப்பிள்ளை வேலைக்குப் போயிருந்தார். சம்பந்தியம்மா மட்டும்தான் இருந்தாள். உள்ளே போய்ப் பெயர் வெட்டின பாத்திரத்தையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்து வண்டியில் ஏற்றினேன்.

"அவன் வரட்டும் சம்பந்தி. இன்னா ஏதுன்னு கேட்டுட்டு எடுத்துக்கினு போங்க. நான் தடுக்க மாட்டேன்."

"கேக்கறதுக்கு இன்னா இருக்குது? எம் பொண்ணு கையே பேசுது."

தெருவே கூடிவிட்டது. எங்கள் பக்கத்தில் சீர்ப் பாத்திரம் வாசற்படி தாண்டினால் உறவு அறுந்துபோன மாதிரிதான். எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்துதான் செய்தேன். கடைசியாக அடுப்பில் ஒரு குண்டானில் பால் பொங்கிக்கொண்டிருந்தது. திருப்பிப் பார்த்தேன், அதிலும் 'ஏ.சங்கவி'. பாலை முற்றத்தில் கொட்டினேன். சூடாகவே குண்டானைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தேன். சம்பந்தியம்மா அதுவரைக்கும் பேசிக்கொண்டிருந்தவள், பால் மண்ணில் ஓடுவதைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

பாலைக் கொட்டினது தப்பா? என் மகள் பெயர் வெட்டின குண்டான்.

வீட்டுக்கு வந்தால் சங்கவி வாசலில் நிற்கிறாள். வண்டியில் பாத்திரத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். முதலில் அவளுக்குப் புரியவில்லை. அப்புறம் அண்டாவைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "யம்மா, இன்னாம்மா பண்ண?" என்றாள். கத்தவில்லை. கத்தியிருந்தால்கூட எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

அப்புறம்தான் சொன்னாள். அவள் ஜேசிபி ஓட்டக் கற்றுக்கொண்டிருந்தாளாம். அவளேதான் கேட்டாளாம். அவர் சாயங்காலம் வேலை முடிந்ததும் ஏரிக்கரையில் வைத்துச் சொல்லிக்கொடுப்பாராம். ஏறும்போது இரும்புப் படியில் கால் வழுக்கியதாம், அவர் எட்டிக் கையைப் பிடித்தாராம்.

"அவரு புடிக்கலன்னா எம் மண்ட ஒடஞ்சிருக்கும்மா."

"அப்ப எதுக்குடி கதவுன்ன?"

"நெசத்த சொன்னா நீ தூங்குவியா? தெனம் ஏரிக்கரைல வந்து நிப்ப."

நான் நம்பவில்லை. ஒரு பெண்பிள்ளை ஜேசிபி ஓட்டுகிறாள் என்றால் நீங்கள் நம்புவீர்களா? புருஷனைக் காப்பாற்றக் கட்டிய கதை என்று நினைத்தேன். எங்கக்காவும் தன் புருஷனை விட்டுக்கொடுக்காமல்தான் பேசினாள்.

அன்றைக்குச் சாயங்காலமே அவர் வந்தார். வாசலில் நின்றார். "அத்த, இத ஒரு நிமிசம் பாருங்க" என்று போனை நீட்டினார். அதில் சங்கவி வண்டி ஓட்டுகிற படம் ஓடுகிறது என்று ஏழுமலை பார்த்துவிட்டுச் சொன்னார். நான் பார்க்கவில்லை. போனில் என்ன வேண்டுமானாலும் காட்டலாம். சங்கவி பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். நான் வாசற்படியில் உட்கார்ந்தேன். "அவன் பின்னால போனீன்னா, செடிக்கு அடிக்கிற மருந்து உள்ளதான் இருக்குது, குடிச்சிடுவேன்" என்றேன். குடித்திருப்பேனா? தெரியாது. எங்கக்கா முகம் கண்ணில் நிற்கிறது, அப்போது என்ன வேண்டுமானாலும் செய்திருப்பேன். அவள் பையைக் கீழே வைத்தாள். அவர் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். நான் ஒரு சொம்புத் தண்ணீர் கொடுக்கவில்லை. போய்விட்டார்.

ஆவணியில் மறுபடியும் வந்தார். இந்தத் தரம் அவர் அம்மா ஒரு சேதி சொல்லி அனுப்பியிருந்தாள். பாத்திரம் எடுத்ததைக்கூட மறந்துவிடுகிறாளாம். பொங்கின பாலை மண்ணில் கொட்டினதுதான் அவளுக்குத் தாங்கவில்லையாம். நான் வந்து, கொட்டின இடத்தில் ஒரு சொம்பு பால் காய்ச்சி இறக்கிவிட்டு, பெண்ணை உள்ளே விட்டால் போதுமாம். வேறொன்றும் வேண்டாமாம்.

"அத்த, ஒரு சொம்பு பாலு. நானே வாங்கியாந்து வைக்கறேன். நீங்க வந்து நின்னா போதும்."

நான் எதற்குப் போக வேண்டும்? பயந்து போனவள் நான், வயிறு எரிந்தவள் நான். "போய் ஒங்கம்மாவ வரச் சொல்லுங்க" என்றேன். சங்கவி உள்ளிருந்து, "யம்மா, எனக்காகப் போம்மா" என்றாள். ஒரே ஒரு தரம்தான் கேட்டாள். அவள் எதையும் இரண்டு தரம் கேட்கிறவள் இல்லை. என்னை மாதிரி இல்லை.

ஒரு சொம்பு பால்.

சரி விடுங்கள். ஒரு வருஷம் பொறுக்க முடியாத ஆள் என்ன ஆள்? கார்த்திகையில் இரண்டு ஊர்ப் பெரியவர்களும் கூடி, அறுத்துவிட்டதாக எழுதி முடித்தார்கள். தை பிறந்ததும் அவர் மூன்றாம் தரம் வந்தார். உள்ளே வரவில்லை. ஒரு கரண்டியைக் கையில் வைத்திருந்தார். காம்பில் பெயர் இருந்தது. நான் விட்டுவிட்டு வந்திருக்கிறேன். சங்கவி கையில் கொடுத்து, "எங்கம்மா எனக்கு வேற எடம் பாத்துட்டாங்க சங்கவி" என்றார். அவர் அழுதார். அவள் அழவில்லை. கரண்டியை வாங்கிக்கொண்டு போய் மாட்டினாள்.

நல்ல மனிதர்தான் போலிருக்கிறது. இப்போது சொல்லி என்ன?

அந்தச் சித்திரையில் எங்கள் கொல்லையில் மோட்டார் புகைந்துவிட்டது. தண்ணீர் கட்ட வழியில்லை. மழையும் இல்லை. நாள் தாண்டி ஒரு மழை விழுந்தால் காய் மண்ணிலேயே முளைத்துவிடும் என்று எனக்குப் பயம். ஏழுமலை, "மூணு நாளு பொறுடி, மோட்டார் வந்துடும்" என்றார். எனக்குப் பொறுக்கவில்லை. காய்ந்த மண்ணில் நானும் சங்கவியும் பிடுங்க உட்கார்ந்தோம். கைதான் கிழிந்தது. செடி வருகிறது, காய் வரவில்லை. ஒரு வரிசை முழுக்க அப்படி. அவள் ஒரு செடியைத் தூக்கி என் முகத்துக்கு நேராகக் காட்டினாள். வெறும் வேர். ஒரு காய்கூட இல்லை.

"இப்படித்தாம்மா என்னப் புடுங்கியாந்த. செடிதான் ஒங்கையில இருக்குது. பாத்துக்க."

அதைச் சொல்லிவிட்டு அடுத்த செடிக்குப் போய்விட்டாள். நான் களைக்கொத்தை எடுத்து மண்ணை நோண்டிக்கொண்டே இருந்தேன். இருட்டும் வரைக்கும் நோண்டினேன்.

வைகாசியில் கிளம்பினாள். எங்கோ பயிற்சி கொடுக்கிறார்களாம், போய்ச் சேர்ந்து, லைசென்ஸ் வாங்கி, இந்த ரோடு அகலம் பண்ணுகிற வேலையில் சேர்ந்துவிட்டாள். நீங்கள் நம்பவில்லை பாருங்கள். நானும் நம்பவில்லை. போய்ப் பார்த்தேன். நிஜம்தான். அந்தப் பெரிய மஞ்சள் வண்டிக்குள் என் பெண் உட்கார்ந்து, நான் சிலேட்டு வைத்திருந்த காலத்தில் இருந்து நிற்கிற புளியமரத்தை வேரோடு எடுக்கிறாள். அந்தப் போனில் இருந்தது பொய்யில்லை. அன்றைக்கு ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டேன்.

அப்புறம் நான் சும்மா இருப்பேனா? ஒரு நாள் விட்டு ஒரு நாள் போனேன். ஆம்பிளைகள் நடுவில் ஒரு பெண். கூட்டுரோட்டில் ரூம் எடுத்துத் தங்கியிருக்கிறாள், அங்கே சமைக்கிற ஒரு அம்மாதான் துணை. தாழ்ப்பாள் சரியாக இருக்கிறதா? மேஸ்திரி எப்படி? அவரையே கேட்டேன், "ஒங்களுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா, எத்தினி புள்ளைங்க" என்று. சங்கவிக்கு முகம் சிவந்துவிட்டது. புரட்டாசியில் ஒரு நாள் சாப்பாட்டு நேரம், எல்லோரும் உட்கார்ந்திருக்கிறார்கள். அவள் சட்டை போட்டிருந்தாள், முழுக்கை. எனக்கு என்னவோ தோன்றியது. போய்க் கையைப் பிடித்து, பட்டனைக் கழற்றி, சட்டைக் கையைப் புஜம் வரைக்கும் ஏற்றிப் பார்த்துவிட்டேன். எல்லார் எதிரிலும்.

ஒன்றும் இல்லை. சுத்தமாக இருந்தது கை.

அவள் சட்டையை இறக்கிவிட்டாள். என்னை மரத்து நிழலுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். "யம்மா, ஒரு வருசம் வராத. போனும் பண்ணாத. கண்ணாலகூடப் பாக்காத. நானா கூப்புடறேன். அதுக்கு முன்னால ஒரு தரம் வந்து என்னப் புடுங்கிப் பாத்தீன்னா, நான் எங்க இருக்கேன்னே ஒனக்குத் தெரியாமப் பூடுவேன்." என் கையை எடுத்துத் தன் தலைமேல் வைத்துச் சத்தியம் வாங்கினாள். அவள் தலைமேல். மீறினால் அவளுக்கல்லவா ஆகும்?

ஏழு மாசம் ஆகிறது. நான் மீறவில்லைம்மா. ஒரு தரம் இறங்கவில்லை. ஒரு தரம் கண்ணால் பார்க்கவில்லை. வெள்ளிக்கிழமை தவறாமல் இந்த பஸ்ஸில் ஏறுவேன். கடைசி ஸ்டாப் வரைக்கும் போய், ஒரு டீ குடித்துவிட்டு, அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுவேன். போகும்போதும் வரும்போதும் ரோடு தெரியாத இந்த ஓரம்தான். அப்படிப் போவதற்குச் சத்தியத்தில் தடை இல்லையே. பஸ் எல்லாருக்கும் பொது.

பஸ் மெதுவாகிறதா? கூட்டுரோடுதான். இங்கே ஒரு பக்கம்தான் விடுவார்கள், நின்று நின்றுதான் போகும். போன மாசம் கோயில் பக்கம் வேலை நடந்ததாம், இப்போது இங்கே வந்துவிட்டார்களாம். ஜன்னல் பக்கம் உட்காருகிறவர்கள் சொல்லுவார்கள். போன வாரம் ஒரு தாத்தா இருந்தார், பாவம், அவருக்குக் கண் தெரியவில்லை.

நான் குனிந்துகொள்கிறேன். நீங்கள் கொஞ்சம் வெளியே பாருங்கம்மா. பார்த்து எனக்குச் சொல்லுங்கள். மஞ்சள் வண்டி தெரிகிறதா? மூன்றா? அதில் எதில் பெண்? தலையில் துணி கட்டியிருக்கிறாளா? வெயில் சுடுகிறதே. இளைத்திருக்கிறாளா? உங்களுக்கு எப்படித் தெரியும், முன்னே பார்த்ததில்லையே. சரி. பக்கத்தில் தண்ணீர் பாட்டில் இருக்கிறதா? மரம் எடுக்கிறாளா, பள்ளம் எடுக்கிறாளா?

என்ன சொன்னீர்கள்?

நிறுத்திவிட்டாளா? இயந்திரக் கையைத் தரையில் இறக்கி வைத்துவிட்டாளா? பஸ்ஸையா பார்க்கிறாள்? இந்த பஸ்ஸையா? நன்றாகப் பாருங்கம்மா, வேறு எதையாவது பார்ப்பாள். ஒவ்வொரு ஜன்னலாகவா?

இல்லை. நான் நிமிர மாட்டேன். அவள் தலைமேல் கை வைத்திருக்கிறேன். இன்னும் அஞ்சு மாசம் இருக்கிறது. நீங்கள் கையை ஆட்டாதீர்கள், அவளுக்குச் சந்தேகம் வந்துவிடும். சிரிக்கிறாளா? தெரியவில்லையா? கை தெரிகிறதா? சட்டை முழுக்கையா? சொல்லாதீர்கள், வேண்டாம், கையைப் பற்றிச் சொல்லாதீர்கள்.

பஸ் நகருகிறது இல்லை? தாண்டிவிட்டதா? இன்னும் பார்க்கிறாளா?

சரி.

சரி, விடுங்கள். கண்ணில் தூசி. இந்தப் பையை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள். கொடுத்தனுப்பவும் சத்தியத்தில் இடமில்லை, திருப்பி எடுத்துக்கொண்டு போனால் ஏழுமலை கேட்பார். போன வாரம் அந்தத் தாத்தாவுக்கு முருங்கைக்காய் கொடுத்தேன். வீட்டுக்குப் போனதும் ஆய்ந்து, கழுவி, உப்புப் போட்டு வேகவையுங்கள். பிள்ளைகள் இருந்தால் சாப்பிடும். நேற்றுத் தண்ணீர் கட்டி, இன்றைக்கு விடியும் வரைக்கும் பொறுத்து, பதம் பார்த்துப் பிடுங்கினது. திறந்து பாருங்கள். ஒரு காய்கூட மண்ணில் நிற்கவில்லை.